டெல்டாவிலிருந்து பனிமலைக்கு: டிசம்பரா, மாசியா, மே மாதமா, அக்டோபரா?

தை பிறந்து அறுப்பு வண்டி வயலில் இறங்கும் நாட்களில் இந்தக் கேள்வி எனக்குத் தொடர்ந்து வரும். "அண்ணே, சம்பா அறுத்து நெல்லப் போட்டுட்டா ஒரு மாசம் கை ஓஞ்சிருக்கும். பிப்ரவரி கடைசியில உத்தராகண்ட் போயி பனியில நடந்துட்டு வரலாம்னு நாலு பேரு இருக்கோம். எந்த டிரெக் போடலாம்?" என்று திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டார். மன்னார்குடி வங்கி ஊழியர் ஒருவருக்கு டிசம்பர் கடைசி வாரம்தான் லீவு கிடைக்கும். தஞ்சாவூரில் ஆசிரியர்களாக இருக்கும் கணவன் மனைவிக்கு மே மாதம் தோது. குடும்பத்தோடு போக நினைக்கும் கும்பகோணத்துக்காரர் பூஜை விடுமுறையை மனதில் வைத்திருக்கிறார்.

நால்வரும் கேட்பது மாதத்தை. குளிர், டிக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் யோசித்துவிட்டார்கள். பனிச்சரிவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது சிகரம் ஏறுகிறவர்களுக்கும் எல்லையில் நிற்கும் ராணுவத்தினருக்கும் வரும் ஆபத்து என்று நினைக்கிறோம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியன் வீரர்கள் புதையுண்ட செய்தி நம் வீடுகளில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையோரம் பனிச்சரிவில் இறந்த 7 பேரும் சுற்றுலாப் பயணிகள். கயிறும் கோடரியுமாக மலையேறப் போனவர்கள் அல்ல.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் இரண்டாவது கேள்வி. எந்தச் சாய்வில் நடக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. பனியைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். சாய்வை அளக்க ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கடல் மட்டத்தையொட்டிய ஊர்களிலிருந்து போகிற நாம் நம்பக்கூடிய அளவுகோல் அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

சாய்வு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வில் கிளம்புகின்றன. 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். 30-க்குக் கீழே பனி பலகை பலகையாக வழுக்கிக் கிளம்புவது அரிது. மிகவும் செங்குத்தான பாறைகளில் பனி தங்காமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். சமவெளிக் கண்ணுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் நாள் 20 டிகிரியே மிரட்டும். மூன்றாம் நாள் பழகிப்போய் 35 டிகிரிகூடச் சாதாரணமாகத் தெரியும். ஆகவே தெரிந்த ஒன்றோடு பொருத்திப் பாருங்கள். கொள்முதல் நிலையத்துக் களத்தில் காய்ந்த நெல்லைக் கொட்டும்போது குவியல் தானாக நிற்கும் சாய்வு ஏறத்தாழ 35 டிகிரி இருக்கும். அதற்கு மேல் ஒரு கூடை கொட்டினால் பக்கவாட்டில் சரசரவென்று இறங்கும். மலையில் ஒரு பக்கம் நெற்குவியல் அளவுக்கு நிமிர்ந்து நின்றால், பனிச்சரிவு கிளம்பக்கூடிய இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணை நம்பாமல் அளக்கவும் வழி இருக்கிறது. போனில் சாய்வு காட்டும் செயலியைத் திறந்து, பனிமேல் கிடத்திய ஊன்றுகோலின் மீது வையுங்கள். போன் குளிரில் அணைந்துபோனால் சம நீளமுள்ள இரண்டு கோல்கள் போதும். ஒன்றைச் செங்குத்தாக நடுங்கள். மற்றொன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதன் ஒரு முனை மேட்டுப்பக்கப் பனியைத் தொடும்படி வையுங்கள். மறுமுனை நட்ட கோலின் நடுப்பகுதிக்குக் கீழே பட்டால் சாய்வு 27 டிகிரிக்கும் குறைவு. நடுவுக்குச் சற்று மேலே பட்டால் 30. உச்சியிலேயே பட்டால் 45.

இன்னொன்றும் முக்கியம். நீங்கள் நிற்கும் இடம் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. மேலே நிமிர்ந்த சாய்வு இருந்தால், அங்கே கிளம்புவது உங்கள் தலைமேல்தான் வந்து விழும். 2025 பிப்ரவரி 28 அதிகாலை பத்ரிநாத்துக்கு அருகே மாணா கிராமத்தில் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் பனிக்குள் மாட்டியது அவர்கள் தங்கியிருந்த முகாமில். 46 பேரை மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். ஆகவே நடக்கும் பாதையைப் போலவே கூடாரம் போடும் இடத்தையும் விசாரிக்க வேண்டும்.

பனியின் அடுக்குகள். பனி ஒரே கட்டியாகப் படிவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. இடையில் வெயில் அடித்தால் ஓடு கட்டும், காற்றடித்தால் இறுகும். மேலே இறுகிய அடுக்கு, அதற்கடியில் பிடிப்பில்லாத அடுக்கு என்று அமைந்துவிட்டால் ஒரு மனிதரின் எடையே போதும். மேலடுக்கு விரிசல் விட்டுப் பலகையாகக் கிளம்பிவிடும். பனிச்சரிவில் இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவரோ அவருடன் வந்தவரோதான் என்பது பல நாடுகளில் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது. (சத்தம் போட்டால் சரியும் என்பது சினிமாவில் மட்டும். கூப்பிட வேண்டிய நேரத்தில் பயமில்லாமல் கூப்பிடுங்கள்.)

பிடிப்பில்லாத அடுக்கு எப்படி உருவாகிறது? பனி குறைவாகவும் இரவுக் குளிர் கடுமையாகவும் இருக்கும்போது. தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்பு மைனஸ் 15-க்கு இறங்கும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஈரப்பதம் ஆவியாக மேலே நகர்ந்து, அடியிலுள்ள துகள்கள் மூலை மூலையாகப் பெருத்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. அதாவது பனி குறைவான குளிர்காலம் பாதுகாப்பானது என்று நாம் போடும் கணக்கு தலைகீழ்.

உத்தரகாசி மாவட்டத்தில் தயாரா புக்யால் புல்வெளியில் ஒரு வழிகாட்டி இதைக் காட்டினார். இடுப்பளவு குழி தோண்டி, மண்வெட்டியால் ஒரு பக்கச் சுவரை வழவழப்பாகச் சீவி, கையுறையோடு மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்கையும் குத்திப் பார்த்தார். மேலடுக்கில் மூடிய கைமுட்டி நுழைந்தது. அடுத்ததில் நான்கு விரல்கள் மட்டும். அதற்கடுத்ததில் ஒற்றை விரலை நுழைக்கவே அழுத்த வேண்டியிருந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் கைமுட்டி மறுபடியும் சுலபமாக உள்ளே போய்விட்டது. அங்கிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னியது. உருண்டை பிடிக்கப் பார்த்தால் விரலிடுக்கில் உதிர்ந்தது. மேலே கெட்டி, அடியில் பொலபொல. சாய்வு மட்டும் இன்னும் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால் இந்த இடத்துக்கு உங்களைக் கூட்டியே வந்திருக்க மாட்டேன் என்றார்.

புதிய பாரம். ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தாலோ, மலையின் மறுபக்கத்திலிருந்து காற்று பனியை வாரிக் கொண்டுவந்து இந்தப் பக்கம் குவித்தாலோ, திடீரென்று வெப்பம் கூடினாலோ, பனிமேல் மழை பெய்தாலோ அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் ஆபத்தானவை. மேற்கு இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு எனப்படும் காற்றமைப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அடுக்கடுக்காக வரும். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இருக்கும் டிஜிஆர்இ என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாக, எத்தனை மீட்டருக்கு மேல் ஆபத்து என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. மாணா சம்பவத்துக்கு முந்தைய மாலையும் எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால் ஆல்ப்ஸ் மலையில் கிடைப்பதுபோல ஒவ்வொரு மலைத்தொடருக்கும் எந்தத் திசைச் சாய்வில் எந்த அடுக்கு பலவீனம் என்று விவரிக்கும் தினசரி அறிக்கை நம் டிரெக்கிங் பாதைகளுக்குக் கிடையாது. சாய்வை வைத்து முடிவெடுங்கள் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

மீட்பு எவ்வளவு தூரம். முழுக்கப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்தான். எந்த ஹெலிகாப்டரும் பத்து நிமிடத்தில் வராது. கூட இருப்பவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

## டிசம்பர் கடைசி வாரம்

அரையாண்டு விடுமுறை, வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம், சம்பா கதிரில் நிற்கும். தண்ணீர் பார்க்க ஆள் இருந்தால் பத்து நாள் கிளம்பலாம். எல்லோரும் சொல்வது உத்தராகண்டின் கேதார்கந்தா. சாங்க்ரி கிராமத்திலிருந்து 12,500 அடி உச்சிக்கு, பாதி வழி மரக்காடு.

சாதகம்: பனியின் மொத்த அளவு பெரும்பாலும் குறைவு, கிளம்பினாலும் பெரிதாகக் கிளம்ப அதிகம் இருக்காது. பாதகம் முன்னே சொன்னதுதான். மெல்லிய பனியும் கடுங்குளிரும் சேர்ந்து அடி அடுக்கைக் கெடுக்கும் மாதம் இது. அதன்மேல் முதல் பெரிய பொழிவு வந்து உட்காரும் இரண்டு நாட்கள் மோசமானவை. அந்தப் பொழிவைத்தான் ஆட்கள் ஆசையோடு எதிர்பார்த்துப் போகிறார்கள்.

இன்னொரு மறைமுக ஆபத்து கூட்டம். புத்தாண்டு வாரத்தில் உச்சிக்கு வரிசை கட்டி ஏறுவார்கள். முன்னால் அத்தனை பேர் போன தடம் இருக்கிறதே என்ற தைரியம் வரும். பலவீனமான அடுக்கு பத்தாவது ஆளுக்குத் தாங்கி, பதினோராவது ஆளுக்கு விட்டுக்கொடுக்கலாம். தடம் இருப்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

மன்னார்குடிக்காரருக்கு நான் சொன்னது தயாரா புக்யால். பார்சு அல்லது ரைத்தல் கிராமத்திலிருந்து ஏறும் வழி. பெரும்பகுதி மென்சாய்வுப் புல்வெளி, அதன்மேல் பனி. சுற்றிலும் பெரிய சிகரங்கள் தெரியும். "உச்சி தொட்டேன்" என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று அவர் தயங்கினார். பனியில் முதல் தடவை நடக்கிறவருக்கு அந்தப் புல்வெளி தருவதே நிறைய என்பது என் உறுதியான எண்ணம்.

## மாசி: பிப்ரவரி, மார்ச்

அறுவடைப் பணம் கையில் இருக்கும் காலம். பனியும் அதிகம், படங்களில் பார்த்ததுபோல மரமெல்லாம் வெள்ளை போர்த்து நிற்கும். நான்கு காலங்களிலும் பனிச்சரிவு அபாயம் கூடுதலானது இதுவே. டிசம்பரில் கெட்டுப்போன அடி அடுக்கு அப்படியே கீழே கிடக்கும். வடக்கு பார்த்த, வெயில் படாத சாய்வுகளில் வாரக்கணக்கில் சரியாகாது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாரம் ஏறும். ஒவ்வொரு இடையூறும் இரண்டு மூன்று நாள் பனியைக் கொட்டிவிட்டு, பளிச்சென்ற நீல வானத்தை விட்டுச் செல்லும். அந்த நீல வானத்து முதல் நாளில்தான் எல்லோருக்கும் ஏறத் தோன்றும். அந்த நாளில்தான் பனி இன்னும் அமரவில்லை.

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா எனும் ரோப் காரில் ஏறி அபர்வத் மலையில் சறுக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். கண்காணிப்புக் குழு இருக்கும் சறுக்குப் பாதை வேறு, அதைத் தாண்டிய திறந்த மலை வேறு. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் இறந்த இருவர் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள். பனியிலேயே பழகியவர்களுக்கும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் மாசியில் போகவே கூடாதா? போகலாம், மூன்று கட்டுப்பாடுகளோடு. கணவாய் எதையும் கடக்கும் திட்டம் வேண்டாம். போன வழியே திரும்பும் பாதையாக எடுங்கள், ஏனென்றால் கணவாயில் நடுவழியில் மாட்டினால் முன்னும் பின்னும் ஒரே ஆபத்து. மேலே 30 டிகிரிக்கு மேற்பட்ட திறந்த சாய்வு இல்லாத வழி வேண்டும். குறைந்தது இரண்டு நாள் உபரியாகக் கையில் வேண்டும், பொழிவு முடிந்தபின் பனி அமரும் வரை அடிவாரத்தில் உட்கார்ந்திருக்க.

இந்த மூன்றாவதில்தான் நம் ஊர் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். நெல் இன்னும் கொள்முதல் நிலையத்தில் எடை போடாமல் கிடக்கும். மாசி மழை வந்தால் நனைந்துவிடும் என்று வீட்டிலிருந்து போன் வரும். உளுந்துக்குப் பூச்சி பார்க்க வேண்டும். திரும்பும் ரயில் தேதி மனதை அரிக்கும். தேதிக்குக் கட்டுப்பட்டு ஏறுகிறவர் மலை சொல்வதைக் கேட்க மாட்டார். திருத்துறைப்பூண்டித் தம்பியிடம், "நெல்லப் போட்டு, பணம் கணக்குல ஏறுன பிறகு டிக்கெட் போடுப்பா" என்றேன். "அப்போ மார்ச் பாதி ஆயிருமே அண்ணே" என்றார். ஆகட்டும். மார்ச் பாதிக்கு மேல் பனி பெரும்பாலும் சற்றுக் கெட்டிப்படத் தொடங்கும், பகல் நீளும். அவருக்கு அது நஷ்டமில்லை.

நடக்கும்போது கண்ணில் பட வேண்டியவை: எதிர்ச் சாய்வில் அண்மையில் சரிந்த தடம், காலடியில் "வும்ப்" என்று பனி அமுங்கும் ஒலி, பாதத்திலிருந்து முன்னோக்கி ஓடும் விரிசல். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் திரும்புங்கள். மரங்கள் இருப்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்து நிற்கும் மரங்கள், நடுவே மரமே இல்லாத நேர் வகிடு, இவை பனி அடிக்கடி இறங்கும் வழிகள். உள்ளூர்க்காரர்கள் நாலா என்று சொல்லும் ஓடைப் பள்ளங்களில் நிற்கவோ, உட்கார்ந்து சாப்பிடவோ கூடாது. ஒருவர் கடந்து முடித்தபின் அடுத்தவர் என்று கடக்க வேண்டும்.

## மே, ஜூன் முதல் வாரம்

டெல்டாவின் நாட்காட்டிக்கு மிகவும் பொருந்துவது இது. வயல் தரிசாகக் கிடக்கும், பள்ளிக்கூடம் இல்லை, வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து குறுவை வேலை ஆரம்பிக்கும் வரை பொழுது இருக்கிறது. இமயமலையில் அப்போது 12,000 அடிக்குக் கீழே பனி பெரும்பாலும் உருகியிருக்கும். பனி வேண்டுமென்றால் உயரமான கணவாய்களுக்குப் போக வேண்டும். ரூபின் கணவாய் 15,250 அடி. கடைசியில் செங்குத்தான பனிப் பள்ளம் ஒன்றில் ஏறித்தான் அதைக் கடக்க வேண்டும்.

மே மாதப் பனியின் குணம் வேறு. குளிர்காலத்து அடுக்குகள் பகலில் உருகி இரவில் உறைந்து ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கும். ஆபத்து நேரத்தோடு வரும், அதனால் முன்கூட்டிக் கணிக்கலாம். இரவு வானம் தெளிவாக இருந்தால் மேற்பரப்பு கல்லாக உறையும். விடிகாலையில் உறுதியான தரை. சூரியன் ஏறியதும் கிழக்கு பார்த்த சாய்வு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. இளகிய பனி நீர் சுமந்து கனத்து இறங்கும். காலணி கணுக்கால் வரை புதையத் தொடங்கினால் செங்குத்துச் சாய்வில் நிற்கும் நேரம் முடிந்தது. இரவு மேகமூட்டமாக இருந்து உறையவே இல்லையென்றால் அன்று கணவாய் வேண்டாம். இதைத் தங்கும் கூடாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்: விடியுமுன் வெளியே வந்து குதிகாலால் பனியை மிதியுங்கள். உள்ளே போகவில்லை என்றால் கிளம்பலாம்.

மறைமுகச் செலவு இங்கே உடம்புக்கு. கடல் மட்டத்து ஊரிலிருந்து வந்து ஒரே வாரத்தில் 15,000 அடி என்பது பலருக்குத் தாங்காது. மூச்சு வாங்கி மெதுவாக நடக்கிறவர் காலை எட்டு மணிக்குக் கடக்க வேண்டிய பள்ளத்தைப் பதினோரு மணிக்குக் கடப்பார். உயரத்துக்குப் பழகாதவரைப் பனிச்சரிவு நேரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவது இந்தத் தாமதம்தான். ஓடைகளுக்கு மேல் பாலமாக நிற்கும் பனியும் இந்த மாதங்களில் அடிப்பக்கம் உருகி மெலிந்திருக்கும். வெயில் காலம் என்று உடை குறைத்துப் போவதும் ஆகாது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் குழு திடீர்ப் பனிப்புயலில் மாட்டி 9 பேரை இழந்தது. அது பனிச்சரிவு அல்ல, குளிர்.

தஞ்சாவூர் ஆசிரியர் தம்பதிக்கு மே சரி. ஆனால் முதல் பயணத்திலேயே ரூபின் வேண்டாம், ஏதேனும் ஒரு மென்சாய்வுப் பாதையில் பனியையும் உயரத்தையும் பழகிவிட்டு அடுத்த வருடம் கணவாய்க்குப் போகலாம் என்பது என் யோசனை.

## பூஜை விடுமுறை, அக்டோபர்

தென்மேற்குப் பருவமழை விலகிய வானம், துல்லியமான காட்சி. 12,000 அடிக்குக் கீழே பெரும்பாலும் பனியே இருக்காது, ஆகவே பனிச்சரிவும் மிகக் குறைவு. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போக நான்கில் இதுவே சிறந்தது. பனியைத் தொட முடியாது, தொலைவில் பார்க்கலாம்.

உயரத்தில் கதை வேறு. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா மலையில் உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி 29 பேரை இழந்தது. பயிற்றுநர்கள் கூடவே இருந்தார்கள். மழைக்காலக் கடைசிப் பொழிவு 5,000 மீட்டருக்கு (சுமார் 16,400 அடி) மேலே புதுப் பனியாகக் குவிந்திருக்கும் மாதம் அக்டோபர்.

அடுத்தது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வங்கக் கடலில் புயல்சின்னம் என்றால் நாம் நாகப்பட்டினத்துக்கா வேதாரண்யத்துக்கா என்று பார்க்கிறோம். வடக்கே திரும்பிவிட்டால் நிம்மதியாக டிவியை அணைக்கிறோம். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே போய், இரண்டே நாளில் நேபாளத்தின் தோரோங் லா கணவாய்ப் பகுதியில் கடும் பனியாகக் கொட்டியது. பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபரில் உயரத்துக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் வங்கக் கடல் நிலவரத்தையும் பாருங்கள். புயல் ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ ஏறி வடக்கே போனால் மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

## ஒரே பார்வையில்

| காலம் | பனிச்சரிவு அபாயம் | முக்கியக் காரணம் | பொருந்தும் ஆள் | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|---|
| டிசம்பர் கடைசி | நடுத்தரம். பொழிவுக்குப் பின் கூடும் | கெட்டுப்போன அடி அடுக்கு | முதல் தடவை, மென்சாய்வில் | புதுப்பனிக்கு மறுநாள் உச்சி ஏறுவது |
| பிப்ரவரி, மார்ச் | அதிகம் | அடுத்தடுத்த பொழிவு, காற்று | உபரி நாள் உள்ளவர் | கணவாய், நாலா |
| மே, ஜூன் தொடக்கம் | காலையில் குறைவு, பகலில் கூடும் | இளகிய ஈரப்பனி | முன்பு பனியில் நடந்தவர் | தாமதமாகக் கிளம்புவது |
| அக்டோபர் | கீழே மிகக் குறைவு, 5,000 மீட்டருக்கு மேல் அதிகம் | புதுப்பனி, புயல் மிச்சம் | குடும்பம் | பனியாற்றுச் சிகரங்கள் |

## விளம்பரத்தில் இல்லாத செலவுகள்

நிறுவனம் சொல்லும் கட்டணம் பாதிதான். சென்னை போய், டெல்லி ரயில் ஏறி, அங்கிருந்து டேராடூன், பிறகு மலைச்சாலையில் ஒரு முழுப் பகல். போக வர ஆறு நாள் இதிலேயே கரையும். உபரி நாட்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு தனி. திரும்பும் டிக்கெட்டை மாற்றினால் தட்கல் விலை. உபரி நாளுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். அது மிச்சமாகத் திரும்பி வந்தால் நல்லது, வராவிட்டால் உயிருக்குக் கொடுத்ததாக இருக்கட்டும்.

வாடகைக்குக் கொடுக்கும் காலணி முட்களும் கால் உறையும் வழுக்காமல் இருக்கவும் பனி உள்ளே போகாமல் இருக்கவும்தான். பனிச்சரிவுக்கான சாதனங்கள் வேறு: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பி வாங்கும் டிரான்ஸீவர், மடக்கி நீட்டும் தேடுகோல், உலோக மண்வெட்டி. மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருந்து, பழகியும் இருந்தால்தான் பயன். ஒருவர் மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டால் அவரைத் தேட யாரிடமும் கருவி இருக்காது. மென்சாய்வுப் பாதையில் இவை இல்லாமல் போகலாம். இவை தேவைப்படும் பாதை என்றால், இல்லாமல் போகாதீர்கள்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல மலையேற்றத்தை விலக்கியிருக்கும். சாட்டிலைட் போனை வெளிநாட்டு உறவினர் கொடுத்தாரென்று எடுத்துப் போகாதீர்கள். அரசு அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். செல்போன் சிக்னல் பல முகாம்களில் இருக்காது. திரும்பும் தேதியையும் வழியையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முன்பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று: சென்ற பருவத்தில் எந்தெந்தக் குழுக்களை உச்சி தொடாமல் திருப்பிக் கூட்டி வந்தீர்கள், ஏன்? "எங்கள் குழு எல்லாமே உச்சி தொட்டுவிடும்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். திருப்பும் முடிவு மலையிலிருக்கும் வழிகாட்டியுடையதா, அலுவலகத்தில் இருப்பவருடையதா என்றும் கேளுங்கள். திரும்பினால் பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் போய்விடும் என்றால் குழுவிலுள்ளவர்களே வழிகாட்டியை மேலே ஏறச் சொல்லி நெருக்குவார்கள். முகாம் போடும் இடங்களை வரைபடத்தில் காட்டச் சொல்லி, அவற்றுக்கு மேலே என்ன சாய்வு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

டிசம்பர் கடைசியில் தயாரா புக்யால் போவதென்று முடிவெடுத்தவர்கள் கவனிக்க: ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 22-ஆம் தேதி சென்னையில் ஏற வேண்டுமானால் அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே தயாராக இருங்கள். திரும்பும் டிக்கெட்டை, திட்டத்தில் உள்ள கடைசி நாளிலிருந்து இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.